கடைமடை வரை இணைப்பு வருகிறதா? – லினக்ஸ் வலையமைப்பு நிரல்கள் பற்றி ஒரு திறனாய்வு

வேடந்தாங்கல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பறவைகள். அங்குள்ளது ஒரு பாசன ஏரி என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அச்சிற்றேரியின் நீர், பறவைகளின் எச்சம் கலந்து உரமேறி, சுற்றியுள்ள வயல்களுக்குப் பாய்கிறது. அதனாலேயே அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம், அப்பறவைகளை எவரும் சுடலாகாது என எழுத்து மூலமாகவே ஆணை பெற்றனர்.

ஏரி, ஒருமுறை வெட்டிவிட்டால் முடிந்துபோகும் வேலை அன்று. வண்டல் படியும், கரை கரையும், மதகுப் பலகை உளுத்துப்போகும், வரத்துக்காலில் செடி மண்டும். ஆண்டுதோறும் ஊரார் கூடி இவற்றைச் செப்பனிடும் வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் சென்னை மாகாணத்தில் அது சட்டப்படியான கடமையாகவும் ஆக்கப்பட்டது. பின்னர் தளர்ந்துபோன அவ்வழக்கத்தின் பெயரால் 2017இல் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியதும் வாசகர் அறிந்ததே.

கணிப்பொறி மென்பொருளுக்கும் குடிமராமத்து உண்டு. அதிலும் கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸ், ஊர்ப் பொது ஏரியைப் போன்றது. எவரும் நீர் எடுக்கலாம். எவரும் மண்வெட்டியோடு வரலாம். அதில் வலையமைப்பை மேலாளும் நிரல்கள் எவ்வாறு செப்பனிடப்பட்டு வந்துள்ளன? அச்செப்பனிடுதல் நல்ல முறையில் நடந்துள்ளதா? கல்லூரியில் இயற்பியல் பயிற்றும் நான், மதுராந்தகம் வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்களை மனத்திற்கொண்டு இவ்வினாக்களை ஆராய விரும்புகிறேன்.

மடை திறப்பவர்

முதலில் வலையமைப்பு மேலாளரின் வேலை யாது எனக் காண்போம். கணிப்பொறியை இயக்கியவுடன், அதனுள் இருக்கும் வலையட்டையை லினக்சின் உட்கருவாகிய கெர்னல் கண்டறிந்து ஒரு பெயர் சூட்டுகிறது. கம்பியில் மறுமுனை உயிருடன் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதற்கு மேல் கெர்னல் தானாக எதுவும் செய்வதில்லை. எந்த முகவரியைப் பூணுவது, வெளியுலகிற்கு எந்த வாயில் வழியே செல்வது, பெயர்களை எண்களாக மாற்றித் தருமாறு யாரைக் கேட்பது ஆகியவற்றை வேறொரு நிரல் முடிவு செய்து கெர்னலுக்குச் சொல்லவேண்டும். அந்நிரலே மேலாளர்.

முகவரி பெறும் முறை சுவையானது. கணிப்பொறி, ‘இங்கு முகவரி வழங்குவோர் உண்டா?’ என எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. வழங்கி ஒரு முகவரியைக் காட்டி, ‘இது வேண்டுமா?’ என்கிறது. ‘வேண்டும்’ என்கிறது கணிப்பொறி. ‘எடுத்துக்கொள்’ என்று வழங்கி உறுதி செய்கிறது. இந்த நான்கு செய்திகளைக் கொண்ட ஒழுங்குமுறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். கிடைக்கும் முகவரி சொந்தமன்று, குத்தகை. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்தவுடன் கணிப்பொறி அதைப் புதுப்பிக்க முயலும்.

கம்பியும் வை-ஃபையும் ஒருங்கே இருந்தால் எதன் வழியே செல்வது? ரெட்ஹேட் நிறுவனத்தில் 2004இல் தோன்றிய ‘நெட்வொர்க் மேனேஜர்’ என்னும் புகழ்பெற்ற மேலாளர், கம்பி வழிக்கு 100 என்றும் வை-ஃபை வழிக்கு 600 என்றும் எண் தருகிறது. சிறிய எண்ணுக்கே முதலிடம். கம்பி கழன்றால் தானாகவே வை-ஃபைக்கு மாறிவிடும். ஏரியில் எந்த மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்று அறிந்த நீர்க்கட்டியின் வேலை இதுவன்றோ!

நீர்க்கட்டியின் திறமையைத் தலைமடையில் நின்று அளப்பவர் எவருமில்லை. கடைமடை வயலுக்கு நீர் சென்றதா என்பதே அளவுகோல். அந்த அளவுகோலையே இங்கும் கைக்கொள்வோம். பெருநகர அலுவலகத்தில் இந்நிரல் இயங்குகிறது என்பது போதாது. அடிக்கடி மின்சாரம் நின்று வருகிற, பத்தாண்டுப் பழைய கணிப்பொறிகள் கொண்ட ஒரு சிற்றூர்ப் பள்ளியிலும் அது இயங்கவேண்டும்.

பெயர் மாறிய கதை

முன்பெல்லாம் முதலில் கண்டறியப்பட்ட வலையட்டைக்கு ‘ஈத்-0’ என்றும் அடுத்ததற்கு ‘ஈத்-1’ என்றும் பெயர். எளிய முறைதான். ஆனால் கெர்னல் பல கருவிகளை ஒரே நேரத்தில் தேடுவதால், இரண்டு அட்டைகள் உள்ள பொறியில் இன்று முதலாவதாக வந்தது நாளை இரண்டாவதாக வரலாம். உள்வலைக்கும் வெளிவலைக்கும் இடையே காவலாக நிற்கும் பொறியில் இவ்வாறு பெயர் இடம் மாறினால், வாயிற்காவலன் வீட்டாரை வெளியே நிறுத்திக் கள்வனை உள்ளே விடுவான்.

இதற்குத் தீர்வாக, 2013 சனவரியில் ‘சிஸ்டம்-டி’ திட்டத்தார் அட்டை செருகப்பட்ட இடத்தைக் கொண்டே பெயரிடும் முறையைக் கொணர்ந்தனர். ‘ஈஎன்-பி3-எஸ்0’ என்றால் ஈத்தர்நெட், மூன்றாம் பாட்டை, பூச்சியமாம் செருகிடம் என்று பொருள். 2017இல் வெளிவந்த டெபியன் 9 இம்முறையைப் புதிய நிறுவல்களுக்கு ஏற்றது. ஏற்கனவே இருந்த பொறிகளைத் தரம் உயர்த்தியபோது பழைய பெயர்களை அப்படியே விட்டுவைத்தது பாராட்டத் தக்க பொறுப்புணர்ச்சி.

காரணம் சரி, ஆயினும் விளைவு முழுதும் சரியன்று. ஒரே ஓர் அட்டை கொண்ட கணிப்பொறியில் இம்மாற்றத்தால் நன்மை ஏதுமில்லை. ஆசிரியர் எழுதி வைத்த செய்முறைக் குறிப்புகள் மட்டும் பயனற்றுப் போயின. மேலும், பொறியில் வேறோர் அட்டையைச் செருகினால் பாட்டை எண்கள் நகர்ந்து, வலையட்டையின் பெயரும் மாறக்கூடும். நிலையான பெயர் என்ற வாக்குறுதி அங்கே பொய்க்கிறது.

அதே டெபியன் 9இல்தான் ‘இஃப்கான்ஃபிக்’ என்னும் பழைய கட்டளையும் இயல்பான நிறுவலிலிருந்து நீங்கியது. 1983இல் பெர்க்கிலி யூனிக்சில் தோன்றிய கட்டளை அது. ஒரே அட்டைக்குப் பல முகவரிகள் உள்ளபோது அது சிலவற்றைக் காட்டாது விட்டுவிடும். சில கோடுகள் அழிந்துபோன அளவுகோலை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள எந்த இயற்பியல் ஆசிரியரும் இசையார். ஆகவே அதனிடத்தில் ‘ஐபி’ என்னும் கட்டளை வந்தது நியாயமே. ஆனால் புதிய கட்டளையைக் கற்பிக்கும் பாடம் கடைமடைக்கு வந்து சேரவில்லை. இன்றும் ‘இஃப்கான்ஃபிக்’கையே அச்சிடும் செய்முறை ஏடுகள் நம்மிடையே உள்ளன. இப்பிழையில் நிரல் எழுதியோருக்குப் பங்கில்லை, நம்முடையது.

ஒரு மதகுக்கு இரு காவலர்

டெபியன் குடும்பத்து லினக்சுகளில் வெகுகாலமாக இருந்துவரும் ஒரு குழப்பத்தை இனிக் காண்போம். ‘இன்டர்ஃபேசஸ்’ என்றோர் அமைப்புக் கோப்பு உண்டு. ‘இஃப்-அப்-டவுன்’ என்னும் பழைய மேலாளர் அதைப் படித்து வேலை செய்யும். நெட்வொர்க் மேனேஜரும் அதே பொறியில் இருக்கும். இருவரும் ஒரே மதகில் கை வைத்தால் என்ன ஆகும்? எனவே, பழைய கோப்பில் பெயர் உள்ள அட்டையைப் புதிய மேலாளர் தொடுவதில்லை என்று விதி செய்தனர்.

விதி நல்லதே. ஆனால் மாணவன் கண்ணுக்குத் தெரிவது என்ன? நிறுவும்போது எழுதப்பட்ட நான்கைந்து வரிகள் பழைய கோப்பில் கிடக்கின்றன. திரையிலோ வை-ஃபைப் பட்டியலே வரவில்லை. ‘இக்கருவி மேலாளப்படவில்லை’ என்னும் பொருளில் ஒரு சொல் மட்டும் தோன்றுகிறது. யார் மேலாளவில்லை, ஏன், எந்தக் கோப்பைத் திருத்தவேண்டும் என்பன அச்சொல்லில் இல்லை. அவ்வட்டைக்குரிய வரிகளை நீக்கிப் பொறியை மீண்டும் இயக்கினால் சரியாகிவிடும். சொல்லித்தர ஆளிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆளில்லாத ஊரில் அந்தக் கணிப்பொறி ஓராண்டு உறை போர்த்திக் கிடக்கும்.

இவ்விருவரோடு ‘நெட்வொர்க்-டி’ என்றும் ‘நெட்பிளான்’ என்றும் வேறு சிலரும் பின்னர் வந்துள்ளனர். ஒவ்வொருவரும் திறமையாளர்தாம். எனினும் புதிய காவலரை அமர்த்துவோர், பழைய காவலரிடமிருந்து சாவியை வாங்கி, அதை ஊருக்கும் அறிவித்த பின்னரே வேலை முடிந்ததாகக் கருதவேண்டும். பிழைச் செய்தியைத் தெளிவாக எழுதுவதும் மராமத்தின் ஒரு பகுதியே என்பது என் முதற் குறை.

மின்வெட்டுக்குப் பின்

நெட்வொர்க் மேனேஜர், முகவரி கேட்டு 45 நொடி காத்திருக்கும். கிடைக்காவிடில் மீண்டும் முயலும். இயல்பான அமைப்பில் நான்கு முயற்சிகள். பிறகு 5 நிமிடம் ஓய்ந்திருந்து மறுபடி தொடங்கும். ஓயாமல் கூவி வலையை நிரப்பாதிருக்கவும், வேறு இணைப்பு இருந்தால் அதற்கு இடம் தரவும் இந்த ஓய்வு தேவை. வடிவமைப்பில் பிழையென்று சொல்வதற்கில்லை.

இப்போது கடைமடையில் நின்று கணக்குப் போடுவோம். மின்சாரம் போய் வந்தது. கணிப்பொறிகள் ஒரு நிமிடத்தில் விழித்துவிட்டன. வலைச் சந்தியும் விழித்ததால் கம்பியில் உயிர் இருக்கிறது. முகவரி வழங்கும் பழைய பொறியோ, திடீரென நின்றதால் தன் வட்டைச் சோதித்துக்கொண்டு எழ 6 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். நான்கு முயற்சிகளுக்கு 4 × 45 = 180 நொடி. அதாவது, நான்காம் நிமிட முடிவிலேயே முயற்சிகள் தீர்ந்துவிட்டன. அடுத்து 5 நிமிட ஓய்வு. வழங்கி ஆறாம் நிமிடத்தில் ஆயத்தமாகியும், கணிப்பொறிகள் ஒன்பதாம் நிமிடம் வரை சும்மா இருக்கின்றன. ஒரு நாளில் மும்முறை மின்சாரம் நின்றால், 45 நிமிட வகுப்புகளில் எவ்வளவு வீணாகும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

முயற்சிக்கு எல்லையே இல்லாதவாறு அமைத்துக்கொள்ளவும், காத்திருக்கும் நேரத்தை நீட்டவும் இம்மென்பொருளில் வழி உண்டு. ஆனால் அது கையேட்டின் உட்பக்கத்தில் இருக்கிறது. மாணவர் திறந்து பார்க்கும் அமைப்புச் சாளரத்தில் இல்லை. இயல்பாக வைக்கப்படும் எண் ஒவ்வொன்றும் ஒரு சூழ்நிலையை மனத்திற்கொண்டு இடப்பட்டதே. இடைவிடா மின்சாரம் உள்ள சூழ்நிலை இவ்வெண்களின் பின்னால் நிற்கிறது. இது என் இரண்டாவது குறை.

சேருமிடத்தில் உடைப்பு

ஏரிக்கரை பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை. மண்கரையும் கல்மதகும் சேரும் இடத்தில் நீர் கசிந்து, கசிவு ஓட்டையாகி, ஓட்டை உடைப்பாகும். மென்பொருளிலும் அவ்வாறே. 2018 மே மாதத்தில் வெளியான ஒரு குறையை எடுத்துக்கொள்வோம். கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வில்ஹெல்ம் என்பவர் அதைக் கண்டுபிடித்தார்.

அக்காலத்தில் ரெட்ஹேட், ஃபெடோரா லினக்சுகளில் முகவரி கேட்கும் வேலையை ‘டிஎச்-கிளையன்ட்’ என்னும் நிரல் செய்துவந்தது. அதற்கு வந்த பதிலை நெட்வொர்க் மேனேஜரிடமிருந்து வாங்கி மற்றவற்றுக்கு உணர்த்த, இடையே ஒரு சிறு நிரல் இருந்தது. சில வரிகளே கொண்ட அந்த இடைநிரல், வழங்கி அனுப்பிய சொற்களைப் படிக்கும்போது அவற்றிலிருந்த பின்சாய்கோடுகளை உதிர்த்துவிட்டது. மேற்கோள் குறியைச் செயலற்றதாக வைத்திருந்தது அந்தப் பின்சாய்கோடே. அது உதிர்ந்ததும் மேற்கோள் விடுபட்டு, அதன் பின்னால் இருந்த சொற்கள் கட்டளையாக உயிர் பெற்றன. அதுவும் பொறியின் முழு அதிகாரத்துடன்! அதே வலையில் அமர்ந்து போலி வழங்கியாக நடிப்பவன் எவனும் அப்பொறியைக் கைப்பற்றலாம் என்ற நிலை.

திருத்தம் என்ன தெரியுமா? ‘படி’ என்னும் கட்டளையோடு ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் சேர்க்கப்பட்டன; ‘பின்சாய்கோட்டை உதிர்க்காதே’ என்பது அதன் பொருள். டெபியனில் இவ்விடைநிரல் இல்லாததால் அங்கு இக்குறை இல்லை. எவரும் தனக்குரியதென்று கருதாத இணைப்பிடங்களே ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டியவை என்பதை அந்த ஓர் எழுத்து காட்டிற்று.

அந்த டிஎச்-கிளையன்டின் முடிவையும் சொல்லிவிடுவோம். உலகெங்கும் பல்லாண்டுகள் முகவரி பெற்றுத் தந்த அந்நிரலைப் பராமரிப்பதை, அதை உருவாக்கிய ஐ.எஸ்.சி. நிறுவனம் 2022இல் நிறுத்திக்கொண்டது. நெட்வொர்க் மேனேஜர் அதற்கு முன்பே தனக்கென உள்ளமைந்த நிரலுக்கு மாறியிருந்தது. 2025இல் வந்த டெபியன் 13, பழைய மேலாளருக்கும் வேறு நிரலைத் துணையாக்கியது. பராமரிப்பவர் விலகுமுன் மாற்று மதகைக் கட்டி வைத்த முன்னெச்சரிக்கை இது. குறை சொன்ன நாம் இதைப் பாராட்டவும் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

நான் மிக உயர்வாக மதிக்கும் செப்பனிடுதல், 2022 பிப்ரவரியில் வெளிவந்த நெட்வொர்க் மேனேஜர் 1.36ஆம் பதிப்பில் நடந்தது. ஓர் அட்டைக்கு முகவரிகள் பல வழிகளில் வருகின்றன. டி.எச்.சி.பி. ஒன்று தரும், ஆறாம் பதிப்பு இணைய நெறியில் திசைவியின் அறிவிப்பு ஒன்று தரும், பயனர் கையால் எழுதுவது ஒன்று, தனியார் வலைப்பாதை ஒன்று. இவை யாவும் காலப்போக்கில் நிரலுக்குள் பின்னிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுத்து, எல்லா வரவுகளையும் ஓரிடத்தில் சேர்த்து, முரண் தீர்த்து, பின்னரே கெர்னலுக்குச் சொல்லும்படி உட்பகுதியை மாற்றி அமைத்தனர்.

திரையில் புதிய பொத்தான் எதுவும் வரவில்லை. பயனருக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியாதபடி நடக்கவேண்டும் என்பதே நோக்கம். தூர் வாரிய ஏரியும் கரைமேல் நின்று பார்ப்பவருக்கு முன்போலவே தோன்றும். கோடையில்தான் வேறுபாடு தெரியும். ஏராளமான தானியங்கிச் சோதனைகள் பக்கத்துணையாக இருந்ததாலேயே இவ்வளவு பெரிய மாற்றத்தைத் துணிந்து செய்ய முடிந்தது. சோதனையின்றி அடித்தளத்தில் கை வைப்பவர் பொறியாளர் அல்லர்; சூதாடி.

மேலேரியும் கீழேரியும்

செங்கற்பட்டுப் பகுதியில் ஏரிகள் சங்கிலியாய் அமைந்தவை. மேலேரியின் கலங்கல் வழிந்து கீழேரிக்கு வரும். லினக்சும் அப்படியே. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’, டெபியன் என்னும் மேலேரியிலிருந்து நீர் பெறும் கீழேரி. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணிப்பொறிகளின் முதற்கட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. பல சிற்றூர் மாணவர்கள் முதன்முதலாக லினக்சைக் கண்டது அதில்தான்.

இத்தகைய முயற்சிகளை நாம் மதிப்பிடும் முறையே எனக்கு உடன்பாடில்லை. எத்தனை பொறிகள் வழங்கப்பட்டன, எத்தனை பதிப்புகள் வெளியாயின என்று எண்ணுகிறோம். ஏரி எத்தனை வெட்டினோம் என்ற கணக்கு அது. டெபியனின் ஒரு பதிப்புக்கு, நீண்டகால ஆதரவையும் சேர்த்து, ஏறத்தாழ 5 ஆண்டுகளே திருத்தங்கள் கிடைக்கும். அதன் பின் அப்பொறி யார் பொறுப்பு? வை-ஃபை இணையாத பொறிக்குத் திருத்தமும் வந்து சேராது. ஏனெனில் திருத்தம் வருவதே அவ்வலை வழியாகத்தான். வலையமைப்பு மேலாளரில் உள்ள சிறு குறை மற்ற எல்லாக் குறைகளையும் நிலைக்கச் செய்துவிடும். நம் பள்ளியிலும் கல்லூரியிலும் கண்ட குறைகள் எழுதப்பட்டு மேலேரிக்கு அனுப்பப்பட்டனவா? இவ்வினாவையே ஒவ்வொரு திட்டத்திடமும் நாம் கேட்கவேண்டும், நம்மிடமும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

‘சிற்றூர் மாணவனால் என்ன செய்ய முடியும்?’ என்று வாசகர் கேட்கலாம். மூன்று வேலைகளைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, சோதனை. ஒரே கணிப்பொறிக்குள் கற்பனையான இரு வலையமைப்புகளை உண்டாக்கி, அவற்றைக் கற்பனைக் கம்பியால் இணைக்கும் வசதி கெர்னலிலேயே உண்டு. ‘நெட்-எம்’ என்னும் பகுதியைக் கொண்டு அக்கம்பியில் 200 மில்லி நொடித் தாமதத்தையும், நூற்றுக்கு ஐந்து பொட்டலங்கள் தொலையும் நிலையையும் உண்டாக்கலாம். நம் ஊர் இணைப்பின் குணத்தை ஆய்வுமேசைக்கே கொண்டுவந்துவிடலாம். விலை கொடுத்து வாங்கவேண்டிய கருவி ஒன்றுமில்லை.

இரண்டாவது, குறையை எழுதியனுப்புதல். எந்தப் பதிப்பு, எந்த அட்டை, என்ன செய்தபோது என்ன நேர்ந்தது, மீண்டும் செய்தாலும் நேர்கிறதா என்று ஒழுங்காக எழுதவேண்டும். ஆய்வகப் பதிவேடு எழுதத் தெரிந்த மாணவனுக்கு இது புதிதன்று. மேலே சொன்ன மின்வெட்டுக் கணக்கையே அளந்து எழுதினால், அது பெருநகர அலுவலகத்தில் இருப்போருக்குக் கிட்டாத செய்தி.

மூன்றாவது, தமிழ். நெட்வொர்க் மேனேஜரின் மூலநிரலோடு தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பும் உள்ளது. ஆங்கில மூலத்தில் ஒரு சொல் மாறினாலும், அதற்குரிய தமிழ்த் தொடர் ஐயத்திற்குரியது எனக் குறிக்கப்படும். யாரேனும் சரிபார்க்கும் வரை திரைக்கு வராது. இதனால், ஒருமுறை செய்து விட்டுவிட்ட தமிழாக்கம் பதிப்புக்குப் பதிப்பு தேய்ந்துகொண்டே போகும். ‘மேலாளப்படவில்லை’ என்ற அந்தப் புரியாத செய்தியைக் கடைமடை மாணவனுக்குப் புரியும் தமிழில் எழுத, கடைமடையில் நின்றவரே தகுதியானவர்.

விழுப்புரத்திலும் காஞ்சிபுரம் பகுதியிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்கி வருகின்றன. மாணவர்கள் அவர்களை அணுகித் தொடங்கலாம்.

குடிமராமத்தில் ஒருவர் முழு ஏரியையும் தூர் வாரவேண்டியதில்லை. தம் நிலத்தின் அளவுக்கேற்ற பங்கை ஆண்டு தவறாமல் செய்தால் போதும். நீர் எடுப்பவர் அனைவரும் மண்வெட்டியை மட்டும் அடுத்தவர் எடுக்கட்டும் என்று இருந்தால், அந்த ஏரி முதலில் வறளவிடுவது கடைமடையைத்தான். அங்கே இருப்பவர்கள் நம் மாணவர்கள்.